விளையாட்டு அறையின் சாவி யாரிடம்?

"இது என்ன விளையாட்டா?" என்று கோபிப்பது எமது வழக்கம். பொறுப்பில்லாதவனை விளையாட்டுப் புத்திக்காரன் என்கிறோம். சொல்லத் தகாததைச் சொல்லிவிட்டு 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று தப்பித்துக்கொள்கிறோம். அற்பமானவை, பயனற்றவை அனைத்துக்கும் நாம் இட்டுவைத்திருக்கும் பெயர் விளையாட்டு. ஆனால் எமது முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார் தொல்காப்பியர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களையும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டுக்கே ஒதுக்கினர். விளையாடாத குழந்தையைப் பாட அவர்களுக்குத் தெரியாது.

எமது வைத்தியசாலைகளுக்கு அந்தக் குழந்தையை நன்றாகத் தெரியும். மாதக் கணக்கில், சில வேளைகளில் வருடக் கணக்கில், கடும் நோயுடன் போராடும் சிறுவர்களை நாம் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறோம். மருந்து கொடுக்கிறோம், ஊசி போடுகிறோம், குருதி ஏற்றுகிறோம். இலவச சுகாதார சேவை என்னும் பெரும் பேறு இந்நாட்டில் இருப்பதனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அவை கிடைக்கின்றன. அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் விளையாட்டு? அது நன்கொடையாளர் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கடுமையாக நோயுற்ற பிள்ளைக்கு விளையாட்டை மறுப்பது அப்பிள்ளைக்குரிய பராமரிப்பின் ஒரு பகுதியை மறுப்பதாகும் என்பதே எனது வாதம். மருந்து தட்டுப்பாடானால் பத்திரிகைகள் அலறுகின்றன. விளையாட்டு இல்லையென்று எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தி போட்டதாக எனக்கு நினைவில்லை.

நோயுற்ற பிள்ளை எதனை இழக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சிறுவர்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் குருதிப் புற்றுநோயாகும். அதிலும் கூடுதலாகக் காணப்படும் வகைக்கு இரண்டு முதல் மூன்று வருடங்கள் வரை சிகிச்சை நீள்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் என்பது அது அதுவரை வாழ்ந்த வாழ்க்கையின் முக்கால் பங்கு. இதற்கிடையில் எத்தனையோ தடவை நரம்பில் ஊசி ஏற்றப்படும். முதுகை வளைத்துப் பிடித்து முள்ளந்தண்டு நீர் எடுக்கப்படும். தலசீமியா நோயுள்ள பிள்ளையோ சில வாரங்களுக்கு ஒரு தடவை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டும். உடலில் தேங்கும் இரும்பை அகற்றுவதற்காக, வயிற்றுத் தோலில் ஊசியைச் செருகி, சிறிய பம்பியொன்றைக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் உறங்கிய தலைமுறையொன்று எம்மிடையே உண்டு. மாத்திரைகள் வந்த பின்னரே அந்தத் துன்பம் பலருக்குக் குறைந்தது.

இந்த நீண்ட காலத்தில் அப்பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. எப்போது உண்பது, எப்போது உறங்குவது, யார் தொடுவது, எந்தக் கையில் குத்துவது எல்லாவற்றையும் பிறரே தீர்மானிக்கின்றனர். முல்லைத்தீவிலிருந்தோ மூதூரிலிருந்தோ மஹரகமவுக்குக் கொண்டுசெல்லப்படும் தமிழ்ப் பிள்ளைக்கு மேலும் ஒரு துன்பம் காத்திருக்கிறது. தன்னைப் பற்றிப் பேசப்படும் மொழியே அதற்கு விளங்குவதில்லை. தாயின் முகத்தைப் பார்த்தே தனது கதியை அது ஊகிக்கிறது. தாய்க்கும் பல வேளைகளில் அந்த மொழி தெரியாது.

ஒரு பிள்ளை தானே எசமானாக இருக்கக்கூடிய ஒரேயொரு இடம் விளையாட்டு. பொம்மைக்கு ஊசி போடும் பிள்ளையைக் கவனித்தவர்கள் அதனை அறிவர். ஐந்து நிமிடத்துக்கு முன் குத்தப்பட்டவன் இப்போது குத்துபவனாகிறான். "அழக்கூடாது, கொஞ்சம்தான் நோகும்" என்று பொம்மையை அதட்டுகிறான், பின்னர் தடவிக் கொடுக்கிறான். தனக்கு நிகழ்ந்ததைத் தன் கைக்குள் கொண்டுவந்து, சிறிதாக்கி, தாங்கக்கூடியதாக்கிக்கொள்கிறான்.

அவ்விளையாட்டைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் அப்பிள்ளையின் மனதிலுள்ள பயம் எதுவென்பதையும் அறிந்துகொள்ளலாம். தான் செய்த குழப்படிக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று சின்னஞ் சிறுவர் பலர் நம்புகின்றனர். வாய் திறந்து அதனைச் சொல்லமாட்டார்கள். 'நீ சொல்வழி கேட்கவில்லை, அதுதான் உனக்கு ஊசி' என்று பொம்மையிடம் சொல்வார்கள். வைத்தியரின் கேள்விக்குக் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கிறது.

இதில் மந்திரமோ மாயமோ இல்லை. செய்முறையை முன்கூட்டியே பொம்மையில் காட்டிப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவது ஒரு முறை. ஊசி ஏற்றும் நேரத்தில் சவர்க்காரக் குமிழி ஊதச் செய்வது இன்னொரு முறை. பிள்ளையின் கவனம் ஊசியை விட்டு விலகுகிறது, மூச்சு சீராகிறது, நோவு குறைகிறது. கவனத்தைத் திருப்புவதனால் ஊசியின் நோவும் பயமும் குறைகின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. சத்திரசிகிச்சைக்குப் பின் நுரையீரல் விரிய வேண்டுமானால் ஆழமாக மூச்சு விடு என்று பிள்ளைக்குக் கட்டளையிட்டுப் பயனில்லை. காற்றாடி ஒன்றைக் கொடுத்தால் தானே ஊதும். காந்த அதிர்வுப் படம் எடுக்கும் குகை போன்ற இயந்திரத்தினுள் அசையாமல் படுப்பதை முன்னரே விளையாட்டாகப் பழகிய சிறுவர்கள் பலருக்கு மயக்க மருந்தே தேவைப்படுவதில்லை. மயக்க மருந்து ஒன்று மிச்சமானால் ஆபத்தும் மிச்சம், செலவும் மிச்சம்.

விளையாட்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நான் எழுதவில்லை. அவ்வாறு எழுதுபவர்களை நம்பவும் வேண்டாம். குணப்படுத்துவது மருந்தும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சுமே. அந்தச் சிகிச்சைகளை ஒரு பிள்ளை தாங்கிக்கொண்டு, பிள்ளையாகவே அவற்றின் மறுபக்கம் வந்து சேர்வதற்கு விளையாட்டு வேண்டும் என்றே சொல்கிறேன்.

'இவையெல்லாம் வெள்ளைக்காரரின் ஆடம்பரம்' என்பார் சிலர். வெள்ளைக்காரரும் இதனை விருப்பத்துடன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே வரலாறு. இங்கிலாந்தின் பல வைத்தியசாலைகளில் ஒரு காலத்தில் பெற்றோர் தமது பிள்ளையைப் பார்ப்பதற்கே வாரத்தில் சில மணி நேரம்தான் அனுமதி. பெற்றோர் வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் சிறிய படக்கருவி ஒன்றுடன் விடுதிக்குள் சென்று, சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமாக்கினார். அவர்கள் அமைதி என்று கூறியது உண்மையில் நம்பிக்கையிழந்த ஒரு குழந்தையின் மௌனம் என்பதை 1952ஆம் ஆண்டில் வெளியான அப்படம் காட்டியது. லண்டனில் அதனைப் பார்த்த வைத்தியர்களும் தாதியரும் கொதித்தெழுந்தனர். தமது தொழிலை அவமதித்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டினர். ஆனால் ஏழு வருடங்களின் பின்னர், 1959இல், சேர் ஹரி பிளட் தலைமையிலான குழு அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கை ரொபேட்சனின் பக்கமே நின்றது. பெற்றோருக்குத் தடையற்ற அனுமதியையும் பிள்ளைகளுக்கு விளையாட்டு வசதியையும் அவ்வறிக்கை வலியுறுத்தியது.

அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகர வைத்தியசாலையில் எம்மா பிளாங்க் 1955இல் ஆரம்பித்த பணியிலிருந்து, நோயுற்ற பிள்ளையின் விளையாட்டையும் கல்வியையும் கவனிப்பதற்கென்றே ஒரு தொழில் அங்கு வளர்ந்தது. சுவீடன் 1977இல் அதனைச் சட்டமாகவே ஆக்கியது.

செல்வந்த நாடுகளை விட்டுவிடுவோம். உலகின் மிக ஏழைப் பிள்ளைகளுக்குரிய நோய் எது? கடும் போசாக்கின்மை. அந்நோயுடன் வரும் பிள்ளைக்குச் சிகிச்சையளிப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பத்துப் படிகளில் ஒன்பதாவது படி என்ன தெரியுமா? பிள்ளையின் புலன்களைத் தூண்டுதலும் அன்பான அரவணைப்பும். நாளொன்றுக்கு 15 முதல் 30 நிமிடம் வரை ஒழுங்கான விளையாட்டு வேண்டும் என்று 1999இல் அந்நிறுவனம் வெளியிட்ட கைந்நூல் கூறுகிறது. கழித்து விடப்படும் போத்தல்களையும் டப்பாக்களையும் கொண்டு விளையாட்டுச் சாமான் செய்யும் விதத்தையும் படத்துடன் காட்டுகிறது. இதன் பின்னால் யமேய்க்காவின் அனுபவம் இருக்கிறது. அங்கே சாலி கிரந்தம் மக்கிரகரும் அவரது குழுவினரும் கடும் போசாக்கின்மையுடன் வைத்தியசாலையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு விளையாட்டை ஊட்டினர். வீடு சென்ற பின்னரும் மூன்று வருடங்கள் தொடர்ந்தனர். அவ்வாறு விளையாடக் கிடைத்த பிள்ளைகள், உணவும் மருந்தும் மாத்திரம் கிடைத்த பிள்ளைகளை விட, 14 வருடங்களின் பின்னரும் அறிவாற்றலில் மேலோங்கி நின்றனர். வறிய நாட்டில், வறிய பிள்ளைகளிடம், வறிய பொருட்களைக் கொண்டு செய்யப்பட்ட வேலை இது. ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

எமது நாட்டுக்கு வருவோம். செய்தி சேகரிப்பதற்காக வைத்தியசாலை வைபவங்கள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். அவற்றுள் சிறுவர் விடுதியொன்றில் விளையாட்டு அறை திறந்துவைக்கப்பட்டதும் ஒன்று. வைத்தியசாலையின் பெயர் இங்கு அவசியமில்லை. நாடா வெட்டினார்கள், மங்கள விளக்கேற்றினார்கள், அரசியல்வாதி ஒருவர் மொட்டைத் தலைப் பிள்ளையொன்றை மடியில் இருத்திப் படம் எடுத்துக்கொண்டார். அப்பிள்ளையின் முகத்தைப் படத்தில் போடலாமா என்று அதன் தாயிடம் எவரும் கேட்கவில்லை. சில மாதங்களின் பின்னர் வேறொரு அலுவலாக அங்கு சென்றபோது அறை பூட்டியிருந்தது. கண்ணாடி ஊடாகப் பார்த்தேன். பெரிய கரடிப் பொம்மை ஒன்று பொலித்தீன் உறை கழற்றப்படாமலே அமர்ந்திருந்தது.

விசாரித்தேன். விளையாட்டுச் சாமான்கள் யாவும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருந்தன. வருட இறுதியில் கணக்கெடுப்பவர்கள் வருவார்கள். ஒரு கார் குறைந்தாலும் பொறுப்புத் தாதி பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் பூட்டி வைத்துவிட்டார். அந்தத் தாதியை நான் குறை கூற மாட்டேன். நாற்பது கட்டில்களை இரண்டு மூன்று பேர் கவனிக்கும் விடுதியில் அவர் நோயாளியைப் பார்ப்பாரா, பொம்மையைப் பார்ப்பாரா? விளையாட்டுச் சாமானை அலுமாரியாகவும் மேசையாகவும் எண்ணும் நிர்வாகம்தான் குற்றவாளி. ஊசிக்குழாய் பாவித்து எறியப்படுகிறது, பஞ்சு பாவித்து எறியப்படுகிறது, அவற்றுக்காக எவரும் தாதியைக் கூண்டில் ஏற்றுவதில்லை. வர்ணப் பென்சில் மாத்திரம் ஏன் என்றென்றும் நிலைத்திருக்க வேண்டும்?

தொற்று ஏற்படும் என்பது அடுத்த ஆட்சேபம். இது நியாயமானதே. மருந்தினால் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குச் சிறு கிருமியும் பெரும் ஆபத்து. ஆனால் இதற்கு விடை எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் சாமான், ஒருவருக்கு மாத்திரம் உரிய துணிப் பொம்மை, தனிமைப்படுத்தப்பட்ட பிள்ளைக்குக் கட்டிலருகே தனி விளையாட்டு, தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுதல் என்பனவே அவை. தொற்றைக் காரணம் காட்டி விளையாட்டை நிறுத்துபவர்கள், அதே விடுதியில் ஒரு கட்டிலில் இரு பிள்ளைகளைக் கிடத்த நேரும்போது தொற்றைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

வேலைக்கு இடையூறு என்பது மூன்றாவது ஆட்சேபம். இதுவும் எமக்கு மாத்திரம் உரியதன்று. சத்திரசிகிச்சைக்குச் செல்லும் பிள்ளைகளுடன் கோமாளிகளை அனுப்பி இத்தாலியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. கோமாளிகள் உடன் சென்ற பிள்ளைகளின் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு நன்மைதான் என்று ஊழியர்களும் ஒப்புக்கொண்டனர். அவ்வாறிருந்தும் அவர்களுள் பெரும்பான்மையோர் அத்திட்டம் தொடர்வதை எதிர்த்தனர். சத்திரசிகிச்சைக் கூடத்தின் ஒழுங்குக்கு அது இடைஞ்சலாம்! பிள்ளைக்கு நல்லது, எமக்கு இடைஞ்சல், ஆகவே வேண்டாம். வைத்தியசாலை யாருக்காக நடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிட வெளிப்படையான பதில் கிடைக்குமா?

பணம் இல்லை என்பது நான்காவது. 2022இல் அத்தியாவசிய மருந்துகளுக்கே இந்நாடு கையேந்தி நின்றதை நான் மறக்கவில்லை. ஆனால் கொக்கான் வெட்ட ஐந்து கல் போதும். சிரட்டையில் மண்சோறு ஆக்கி வளர்ந்தவர்கள் நாம். கல்லும் மண்ணும் விடுதிக்கு ஆகாதெனின் கடதாசியில் படகு செய்யலாம், தாயக்கட்டை உருட்டலாம், நிழலில் மான் காட்டலாம், கதை சொல்லலாம். பணம் தேவைப்படுவது ஓர் ஆளுக்கே. அறையைத் திறந்து, பிள்ளைகளுடன் அமர்ந்து, அவர்களைக் கவனித்து, கண்டதை வைத்தியரிடம் சொல்லப் பயிற்றப்பட்ட ஓர் ஆள். எமது நாட்டில் பயிற்சி பெற்ற முன்பள்ளி ஆசிரியைகள் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களில் சிலரைத் தெரிந்து மேலதிகப் பயிற்சி அளிப்பது மலையைப் புரட்டும் காரியமா?

இன்று இவை எல்லாவற்றுக்கும் மலிவான மாற்று ஒன்று வந்திருக்கிறது. கைத்தொலைபேசி. பிள்ளை அழுதால் கையில் கொடுத்துவிடுகிறோம். களைத்துப்போன தாய்மார் அவ்வாறு செய்வதை நான் கண்டிக்க மாட்டேன். ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்கு அதுவும் உதவக்கூடும். ஆனால் நாள் முழுவதும் திரையைப் பார்த்துக் கிடக்கும் பிள்ளை எதையும் ஆக்குவதில்லை, எதையும் தீர்மானிப்பதில்லை, அடுத்த கட்டிலில் உள்ள பிள்ளையின் பெயரையும் அறிவதில்லை. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே நோயுடன் அருகருகே கிடக்கும் விடுதியில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவர்களைச் சேர்த்து வைக்கக்கூடியது ஒரு பந்து. அந்த வாய்ப்பையும் திரை விழுங்கிவிடுகிறது.

பெற்றோரிடமும் எனக்கொரு வழக்கு உண்டு. நோயுற்ற பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டும் என்பதில் நாம் காட்டும் அக்கறை வியப்பளிக்கிறது. சேலைன் ஏறும் கையுடன் பரீட்சை எழுதிய பிள்ளையின் படத்தைப் பத்திரிகைகள் 'சாதனை' என்று போடுகின்றன. கல்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடம் படிப்பதும் பிள்ளைக்கு நாளை ஒன்று உண்டென்ற நம்பிக்கையைத் தரும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கட்டிலருகே பயிற்சி வினாத்தாள்களை அடுக்கத் தெரிந்த எமக்கு, ஒரு தாயக்கட்டையை வைக்க ஏன் தோன்றவில்லை?

கடைசியாக, எழுதுவதற்குக் கை தயங்கும் விடயம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் சிறுவரும் பதின்வயதினரும் புற்றுநோய்க்கு உள்ளாகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செல்வந்த நாடுகளில் அவர்களுள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் குறைவு. வீடு திரும்பாத பிள்ளைகளும் எமது விடுதிகளில் உண்டு. விளையாட்டினால் நோவு குறையும், செலவு குறையும், அறிவு வளரும் என்று இதுவரை நான் அடுக்கிய நியாயங்களுள் பல அப்பிள்ளைகளுக்குப் பொருந்தா. வளர்ந்து பெரியவராக மாட்டாத பிள்ளைக்கு விளையாட்டினால் என்ன பயன்? இக்கேள்விக்கு எனது பதில் இதுதான்: பயன் எதுவும் வேண்டாம். அப்பிள்ளைக்கு எஞ்சியிருப்பது ஒரு மாதமாயின், அந்த மாதமே அதன் குழந்தைப் பருவம். அதில் ஒரு மாலைப் பொழுதாவது அது சிரித்திருந்தால் அதுவே போதும். பிள்ளையின் விளையாட்டு பிள்ளைக்கே உரியது. எமக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை அதற்கில்லை.

இதனைச் சட்டமும் சொல்கிறது. 1989இல் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக்கியது. 1991இல் இலங்கை அதனை ஏற்றுக்கொண்டது. சுகதேகிகளான பிள்ளைகளுக்கு மாத்திரம் என்று அவ்வுறுப்புரை கூறவில்லை. விளையாட்டின் மூலம் காயங்களை ஆற்றும் அனுபவமும் எமக்குப் புதிதன்று. போர் உக்கிரமாக நடந்த 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது. யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே களிமண்ணாலும் வர்ணத்தாலும் கதையாலும் தேற்றப்பட்டனர். குண்டுச் சத்தத்தின் நடுவே முடிந்தது, மின்விசிறி சுழலும் விடுதிக்குள் ஏன் முடியாது?

இதனை வாசிக்கும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இலும், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக 2016இலும் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மக்கள் இனம் பாராமல் நடந்து நிதி திரட்டினர். அந்த மனம் எம்மிடம் உண்டு. ரொறன்ரோவின் சிக்கிட்ஸ் வைத்தியசாலையிலோ லண்டனின் கிரேட் ஓர்மண்ட் வீதி வைத்தியசாலையிலோ உங்கள் பிள்ளையையோ உறவினர் பிள்ளையையோ பார்க்கச் சென்றிருந்தால், விளையாட்டுக்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் அங்கு கட்டில் கட்டிலாகச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். ஊருக்கு வரும்போது கரடிப் பொம்மை கொண்டுவர வேண்டாம். அது பூட்டிய அறையில் தூசி படிய அமர்ந்திருக்கும். ஒரு விடுதிக்கு ஓர் ஆளின் சம்பளத்தை வருடக் கணக்கில் பொறுப்பேற்க ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முன்வரட்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்க அதில் இடமிராது. அதற்கும் சம்மதித்தால் முன்வரட்டும்.

சுகாதார அமைச்சிடம் கேட்பவை நான்கே. சிறுவர் விடுதிகளின் ஆளணியில் விளையாட்டுப் பணியாளர் ஒருவருக்கு இடம் ஒதுக்குங்கள். விளையாட்டுச் சாமான்களை இருப்புப் பதிவேட்டிலிருந்து விடுவித்து, பாவனையில் தேயும் பொருட்களாகக் கணக்கில் கொள்ளுங்கள். தாதியர் பயிற்சியில் பிள்ளையை விளையாட்டின் மூலம் ஆயத்தப்படுத்தும் முறையைச் சேருங்கள். விளையாட்டு அறைக்குள் ஊசி நுழையலாகாது என்று விதி செய்யுங்கள். வைத்தியசாலை முழுவதிலும் ஓர் அறையிலாவது தன்னை எவரும் நோகச் செய்யமாட்டார்கள் என்று பிள்ளை நிச்சயமாக நம்பியிருக்கட்டும்.

இவற்றுள் எதற்கும் ஆணைக்குழு தேவையில்லை, வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. முதல் வேலையை இன்று மாலையே செய்யலாம். அறையின் சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். மிகுதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.